எந்த ஊர் என்று கேட்ட பார்வதம்

ரெபேக்காள் முப்பத்தொரு வயதில் மறுபடி மாணவியானாள். மருத்துவ உளவியல் படிப்பு. வகுப்பில் சொன்னதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினாள். எழுத எழுதக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. மனக்கஷ்டத்தைச் சொல்ல வந்தவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது. அவசரப்பட்டுச் சமாதானமும் சொல்லக் கூடாது. அவர் மனதில் இருப்பதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு என்னதான் செய்வதாம்? அதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

வீட்டில் கணவன் கிருபாகரனிடம் பழகிப் பார்த்தாள். அவன் ஷிஃப்ட் முடிந்து வந்து சூப்பர்வைசரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

"உனுக்கு ரொம்ப எரிச்சலா இருக்குன்னு தெரியுது" என்றாள்.

"அத்த தான அரை மணி நேரமா சொல்லிக்கினு கீறேன்? காது கேக்கலியா?"

பாடம் அங்கே எடுபடவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் செங்கல்பட்டில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. அவளிடம் வந்த முதல் ஆள் பார்வதம். கோவளத்தில் மீன் விற்பவள். கணவன் தனகோடி படகு கவிழ்ந்து இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. மாத்திரை எழுதிய டாக்டர், பேசிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பார்வதம் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்.

"உனுக்கு எந்த ஊரும்மா?"

ரெபேக்காளுக்குச் சுருக்கென்றது. அவளுடைய அப்பா ஏசுதாஸும் அம்மாவும் வேடந்தாங்கல் பக்கம் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். பள்ளிக்கூடத்திலும் சரி, வாடகைக்கு வீடு தேடியபோதும் சரி, எந்த ஊர் என்று கேட்டவர்கள் அடுத்து எந்தத் தெரு என்று கேட்டார்கள். காலனி என்றதும் அவர்கள் முகம் மாறியது. நல்லவேளை, இங்கே பாடம் கைகொடுத்தது: சொந்த விஷயம் கேட்டால் கேள்வியையே திருப்பிவிடு.

"என் ஊரைத் தெரிஞ்சிக்கிறது உங்களுக்கு ஏன் முக்கியம்னு சொல்றீங்களா?"

பார்வதம் அவளை ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணுமில்ல" என்றாள். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் அதே ஒண்ணுமில்லதான். பத்து நிமிடத்தில் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. பேராசிரியர் திருநாவுக்கரசு ரெபேக்காளின் குறிப்பைப் படித்துவிட்டு, "திருப்பிக் கேட்டது சரிதான். ஆனா சில சமயம் பதில் சொல்லிடலாம்" என்றார்.

"எந்தச் சமயம் சார்?"

"அந்த நேரத்துல தெரியும்மா."

தெரியவில்லையே, அதுதானே வயிற்றெரிச்சல்! அன்று தன் வாயை அடைத்தது பாடமா, பழைய கோபமா என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது. பார்வதம் இன்னும் தூங்காமல் கிடப்பாளே என்ற பயம் வேறு.

மூன்றாவது செவ்வாய், மாத்திரை வாங்கும் வரிசையில் பார்வதம் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆள் பாதியாகியிருந்தாள். தானாகப் போய்ப் பேசுவது முறைதானா என்று ரெபேக்காளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"எனக்கு வேடந்தாங்கல் பக்கம்மா. காலனி. அப்பா அம்மா கூலி வேலை."

காலனி என்றதைப் பார்வதம் காதிலேயே வாங்கவில்லை.

"கோவளத்துல உனுக்கு சொந்தம், பொண்ணு குடுத்த வூடு, எதுனா கீதா?"

"யாருமே இல்லம்மா."

"எங்கூர்ல ஒருத்தர் காதுல போட்டா சாயங்காலத்துக்குள்ள ஊரே பேசும். அதுக்குத்தான் கேட்டேன். நீ இன்னாடான்னா என்னியவே கேக்குற."

ரெபேக்காளுக்கு வெட்கமாகப் போயிற்று. பார்வதத்தைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். உள்ளே வந்ததும் பார்வதமே கதவைச் சாத்தினாள். நின்றபடியே சொன்னாள்.

"அன்னிக்கு ஒடம்பு சரியில்ல, கடலுக்குப் போவலன்னாரு. நான்தான் வாய்க்கு வந்தபடி பேசித் தொரத்துனேன். அவராத்தான் போனாருன்னு ஊரே நெனச்சிகினு கீது. என் புள்ளைங்களுக்குக்கூடத் தெரியாது."

எழுதிய பக்கங்களில் ஒன்றுகூட ரெபேக்காளுக்கு நினைவுக்கு வரவில்லை. உங்கள் தப்பில்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லலாமா, கூடாதா? கையைப் பிடிக்கலாமா? ஒன்றும் புரியாமல், தன் அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்வதம் நெடுநேரம் அழுதாள்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த செவ்வாக்கெழமையும் நீதான இருப்ப? இன்னொருத்தர்கிட்ட இத்த மறுபடி சொல்ல என்னால ஆவாது."

"நான்தாம்மா இருப்பேன்" என்றாள் ரெபேக்காள்.