ஒரு ஜோடி மிச்சம்

"எவ்வளவு?" என்றாள் அம்மா.

"ரெண்டு ஷூவுக்கும் குதிகால்ல முப்பத்தொரு மில்லி வித்தியாசம். முன்பக்கம் பதினெட்டு."

"மில்லியெல்லாம் தைக்கிறவருக்குப் புரியாதுடா. விரல்ல சொல்லு."

நான் வெர்னியர் அளவுகோலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அம்மா இரண்டு விரல்களைச் சேர்த்து, வலது ஷூவின் தடித்த அடிப்பாகத்தோடு ஒட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. "பாத்தியா? உன் அளவுகோலும் என் விரலும் ஒரே ஊருக்குத்தான் போகுது" என்றாள். செய்தித்தாளில் இரண்டு ஷூக்களின் அடி வடிவத்தையும் வரைந்து, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

அது புதன்கிழமை காலை. நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். மறுநாள் காலை பல் துலக்கும்போது சரிந்தாள். இதயம் என்றார் டாக்டர். அறுபத்தொரு வயது.

அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பார்ட்டி பஸ் இருந்தது. பத்தொன்பது வருடம் ஓட்டினாள். இருபத்திரண்டு இருக்கைகள், கூரையில் நிறம் மாறும் விளக்குகள், நான்கு ஸ்பீக்கர்கள். பிறந்தநாள், திருமண நாள், பணி ஓய்வு என்று கும்பலாகக் கடற்கரைக்குப் போகிறவர்கள் அதை வாடகைக்கு எடுப்பார்கள். முழுக்கை வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை மடித்துவிட்டு, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஓட்டுவாள். பின்னால் இருபத்திரண்டு பேர் குதித்து ஆடுவார்கள். முன்னால் இவள் தேர்வறைக் கண்காணிப்பாளர் மாதிரி உட்கார்ந்திருப்பாள். தெருவில் அவளுக்குப் பெயர் பஸ்ஸம்மா.

போனில் வண்டி கேட்பவர்கள் விளக்கு உண்டா, பாட்டு உண்டா என்று விசாரிப்பார்கள். இவள் திருப்பிக் கேட்கும் கேள்விகள் வேறு. யாருக்கு வாந்தி வரும்? யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை? "கேக் வெட்டுங்க, ஆடுங்க. வண்டி ஓடறப்போ மட்டும் கத்திய வெளிய எடுக்காதீங்க." திருமண நாளுக்கு நீளமான லிமோ கார் கிடைக்குமா என்று ஒருவர் கேட்டார். "உங்க தெரு முனைல அது திரும்பாது தம்பி. திரும்பி முடிக்கறதுக்குள்ள உங்களுக்கு அடுத்த கல்யாண நாள் வந்துடும்" என்றாள். சும்மா சொன்னதில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒவ்வொரு தெருவையும் போய்க் காலடியால் அளந்துவிட்டு வருவாள். அவர் பஸ்ஸையே எடுத்துக்கொண்டார்.

ஆரம்பத்தில் அவளும் எல்லோரையும்போலத் தலையைத்தான் எண்ணினாள். ஒருமுறை கடற்கரையில் இரண்டு பிறந்தநாள் கும்பல்கள். இரண்டிலும் எல்லோர் தலையிலும் ஒரே மாதிரி காகிதத் தொப்பி. அம்மா இருபத்திரண்டு தொப்பிகளை எண்ணிவிட்டு வண்டியை எடுத்தாள். பாதி வழியில்தான் தெரிந்தது, பிறந்தநாள்காரரே கரையில் நிற்கிறார் என்று. அவர் இடத்தில் அடுத்த கும்பலின் ஆள் ஒருவர் உட்கார்ந்து, கேக் தின்று, கைதட்டிப் பாட்டும் பாடிக்கொண்டு வந்திருக்கிறார். "யாருன்னு தெரியாதவனுக்கு வாழ்த்துப் பாடறோம்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?" என்று அம்மா அவரைக் கேட்டாளாம். "நல்லாக் கவனிச்சுக்கிட்டீங்க, எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்" என்றாராம் அவர்.

அதோடு தலை எண்ணுவதை நிறுத்தினாள். கதவருகே இருபத்திரண்டு அறைகள் கொண்ட தகர அலமாரி ஒன்றைப் பொருத்தச் செய்தாள். கடற்கரை வந்ததும் கதவை அடைத்து நின்றுகொள்வாள். "செருப்பை இங்கயே விட்டுட்டு இறங்குங்க. உங்களை மறந்தாலும் மறப்பீங்க, செருப்பை மறக்க மாட்டீங்க." திரும்பி வருகிறவர்கள் அவரவர் ஜோடியை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி மிச்சம் இருந்தாலும் வண்டி நகராது.

நான் லிஃப்ட் டெக்னீஷியன். கதவில் சென்சார் வைத்து, ஏறுகிறவர்களை எண்ணித் தருகிறேன் என்றேன். "உன் லிஃப்டுக்கு எடை தெரியும், எண்ணிக்கை தெரியும். வராதது யாருன்னு தெரியுமா?" என்றாள். தெரியாதுதான்.

தாமதமாக வருகிறவர்களை ஹாரன் அடித்துக் கூப்பிட மாட்டாள். "கூப்பிட்டு வர்றவங்க பாதிக் கடலை அங்கயே விட்டுட்டு வருவாங்க." இன்ஜினை நிறுத்துவாள். சாவியை எடுத்து, மிச்சம் இருக்கும் செருப்புக்குள் போடுவாள். இறங்கிப்போய் மணலில் உட்கார்ந்துகொள்வாள். செருப்புக்கு உரியவர் வந்து சாவியை எடுத்து நீட்டினால்தான் பயணம். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் இறங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

போன வருடம் ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவு ஊழியர்கள் வந்தார்கள். வருடாவருடம் வருகிறவர்கள். எல்லோரும் இறங்கிப் போன பிறகு அம்மா அலமாரியைப் பார்த்தாள். இருபத்தொரு ஜோடிதான் இருந்தது. எவரோ செருப்போடு மணலில் போய்விட்டார்கள் என்று திட்டிக்கொண்டே பின்பக்கம் போனாள். கடைசி இருக்கையில் அவர்களின் மேற்பார்வையாளர் அக்கா, மடியில் நாலு கைப்பைகளோடு உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே ஒரு கால் குட்டை. அதற்கென்று செய்த கனமான ஷூ.

"நான் இறங்கறதில்லம்மா. ஷூவோட போனா மணல்ல புதையும். கழட்டினா ஒரு கால் பள்ளத்துல நிக்குது. நான் இங்கேருந்தே பாத்துக்கறேன். இந்தப் பைகளுக்கும் ஆள் வேணும்ல?"

"எத்தனை வருஷமா பைகளுக்குக் காவல் இருக்கீங்க?"

"வண்டி எடுக்க ஆரம்பிச்சதுலேருந்து."

அன்று வீட்டுக்கு வந்த அம்மா, சாப்பிடாமல் அலமாரியைப் பற்றியே பேசினாள். "அத்தனை வருஷமா ஒரு அறை காலியா இருந்திருக்கு. நான் ஜோடி மிச்சம் இருக்கான்னு மட்டுந்தான் பாத்தேன், அறை காலியா இருக்கான்னு பாக்கவே இல்ல" என்றாள்.

இந்த வருடப் பயணம் அந்த அக்காவின் பணி ஓய்வுக்காக. தெருவை அளக்கும் சாக்கில் அம்மா அவர் வீட்டுக்குப் போனாள். திரும்பும்போது கையில் ஒரு பையும் அதில் பழைய ஷூக்களும் இருந்தன.

"கேட்டு வாங்கினியா?"

"குப்பைல போட வெச்சிருந்தாங்க. போற வழிதானே, நானே போட்டுடறேன்னு வாங்கிட்டேன். மூச்சு விடாத, அவங்களுக்குத் தெரியக் கூடாது."

அந்த ஷூக்களைத்தான் புதன்கிழமை அளந்தோம்.

ஒரு வாரம் கழித்து, வண்டியின் வெயில் மறைப்பில் செருகியிருந்த சீட்டைப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்து: 'தக்கை வெச்ச செருப்பு. வெள்ளிக்கிழமை வாங்கணும். வார் இறுக்கமான்னு இழுத்துப் பாக்கணும்.' பயணம் மறுநாள், சனிக்கிழமை.

அம்மாவுக்கு முடியாத நாட்களில் வண்டி ஓட்டும் சித்தப்பா, "வேற வண்டி பாத்துக்கச் சொல்லிடலாம்டா. பத்து நாள்கூட ஆகல. ஊர் என்ன சொல்லும்?" என்றார். நான் சீட்டைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "டயர்ல காத்து பாக்கணும்" என்று எழுந்து போனார்.

செருப்புத் தைப்பவர் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "பஸ்ஸம்மா வரலையா? எதைக் குடுத்தாலும் அவங்க இழுத்துப் பாக்காம வாங்க மாட்டாங்களே." சொன்னேன். காகிதத்தில் சுற்றிய செருப்பைத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு வாரையும் தானே இழுத்துப் பார்த்தார். ஒன்றில் கூடுதலாக ஒரு தையல் போட்டார். அப்புறம்தான் கொடுத்தார்.

சனிக்கிழமை மாலை ஐந்தரை மணி, கடற்கரையிலிருந்து திரும்பும் நேரம். இருபத்தொரு பேர் ஏறி, செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கைப்பைகள் கடைசி இருக்கையில் காவல் இல்லாமல் கிடந்தன. தூரத்தில் அக்கா உடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். அலை வந்து தக்கைச் செருப்பை மூடியது, விலகியது. அவர் நிற்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

"கிளம்பலாமா?" என்று சித்தப்பா இன்ஜினை முடுக்கினார்.

"ஒரு ஜோடி இருக்கு."

"பாத்துட்டுதான் இருக்கேன். கூப்பிடறேன்" என்று ஹாரனுக்குக் கையை நீட்டினார்.

நான் குறுக்கே கை நீட்டி இன்ஜினை நிறுத்தினேன். சாவியை உருவி எடுத்து, இருபத்திரண்டாவது அறையில் இருந்த கனமான வலது ஷூவுக்குள் போட்டேன். இறங்கிப்போய் மணலில் உட்கார்ந்தேன்.