அங்கம்மா வீட்டு மெரந்தி மரம்

தாப்பாவில் மலையேறும் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தோம். 1979, பள்ளி விடுமுறை. நண்பர் சந்திரனுக்கு உயரமான மரங்களைத் தேடிப் போய் அளக்கும் பைத்தியம். நான் அவருக்குக் கயிறு தூக்க வந்தவன். வளைவுக்கு வளைவு நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அவரோ ஜன்னலோரம் உட்கார்ந்து, "அதோ, அதோ!" என்று காட்டைக் காட்டிக்கொண்டே வந்தார்.

பத்து மணிக்கு ரிங்லெட்டில் இறங்கி, லோரியில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெரிய மெரந்தி மரம் இருக்கிறது, வந்து அளந்து சொல்லுங்கள் என்று அழைத்தவர் தோட்டத்துத் துரை. அவருடைய கவலை வேறு. மரம் சாய்ந்தால் தொழிலாளர் லைனின் முதல் வீட்டை எட்டுமா? எட்டுமென்றால் வெட்டிவிடுவார்.

மரத்தடியில் நின்று அண்ணாந்தேன். முதல் கிளையைக் காண்பதற்குள் கழுத்து வலித்தது. உச்சி மேகத்துக்குள் இருந்தது. ஏனென்று தெரியாமல் கண் கலங்கியது. அடியில் முனியாண்டியின் சூலம். வேர்களில் சின்னச் சின்னத் துணித் தொட்டில்கள், பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம்.

முதல் வீட்டுக்காரி அங்கம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"நானும் இங்க தொட்டி கட்டுனேன் சார். ஏழு வருஷம் கழிச்சு எம்பொண்ணு பொறந்தா. இத வெட்டக்கூடாதுலா."

மேகம் விலகியதும் சந்திரன் கருவியால் கோணம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு அடி! இருவரும் கட்டிப்பிடித்துக் குதிக்காத குறை. அடுத்து வீடு வரையுள்ள தூரம். கயிற்றின் நுனியை அங்கம்மாவே வாங்கிக்கொண்டு இறங்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. சந்தேகப்பட்டுப் பின்னால் போனேன். அது வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அடுப்படிக்குள் போயிருந்தது. நுனியைப் பின்சுவரில் அழுத்திப் பிடித்தபடி அங்கம்மா நின்றார்.

"இதுவும் வூடுதானே சார்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பின்சுவர் வரையிலும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு அடிதான். நாங்கள் கொண்டாடிய உயரமே மரத்துக்கு எமனாக நின்றது. எண்ணை மாற்றிச் சொல்ல சந்திரனுக்கு வராது. துரையிடம் உள்ளதைச் சொன்னார்.

"வூட்டுல ஆளில்லன்னா அப்பவும் வெட்டுவீங்களா தொரை?" என்று அங்கம்மா கேட்டார்.

துரை யோசித்தார். மற்ற வீடுகள் சரிவில் விலகித்தான் இருந்தன. கீழ் லைனில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. அங்கம்மா குடும்பம் அங்கே போய்விட்டால் மரத்தைத் தொடுவதில்லை என்றார்.

"அங்கேருந்து பைப்பு எவ்ளோ தூரம் தெரியுமா? தண்ணி யாரு தூக்குறது?" என்று முனகினார் அங்கம்மாவின் கணவர். முனகிக்கொண்டே கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார்.

மாலை லோரியில் நாங்கள் ஏறும்போது, தலையில் அண்டாவோடு அங்கம்மா சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நின்றார். பிறகு திரும்பி, மரத்தை அடியிலிருந்து உச்சி வரை ஒருமுறை பார்த்தார்.

"இனிமே எவ்ளோ வேணும்னாலும் வளரட்டும்லா."