மைசூர்பாக் ஏன் விண்வெளிக்குப் போகாது?

இந்த மாதம் ஒரு கல்யாணம் கை நழுவிப் போகப் பார்த்தது. காரணம் வரதட்சணை இல்லை. ஜாதகம் இல்லை. மைசூர்பாக்!

பெங்களூர் அல்சூரில் எங்கள் மாடி போர்ஷனில் குடியிருப்பவர் தினகரன். வாணியம்பாடிக்காரர். விண்வெளி வீரர்கள் கொண்டுபோகும் சாப்பாட்டைச் சோதித்துப் பார்க்கும் லேபில் வேலை. ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் பழைய ஆபீஸ் நண்பர் சண்முகத்தின் மகள் சுதாவுக்கு இவரைச் சொன்னதே நான்தான். இருவரும் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. பாக்கி இருந்தது சுதாவின் அம்மா சரசம்மா மட்டும்தான். அவர் சரி என்றால் கல்யாணம். இல்லையென்றால்... அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது.

"முதல்ல நீங்க கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க சார்" என்று தினகரனின் பெற்றோர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். போனோம். ராகு காலம் முடியட்டும் என்று ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திக் காத்திருந்து, பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தோம்.

விண்வெளி என்றால் நம் ஜனங்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு சந்தேகம் வருமோ! சண்முகம் தன் பெங்களூர்த் தமிழில் ஆரம்பித்தார்.

"சும்னே கேக்குறேன், தப்பா நினைக்காதீங்க... அங்க பாத்ரூம் எப்பிடி?"

யாருக்குத்தான் இந்தச் சந்தேகம் இல்லை? கேட்கத்தான் கூச்சம்.

"காத்தை வெச்சு உறிஞ்சி எடுத்துரும் சார். வாக்யூம் க்ளீனர் மாதிரி."

"குளியல்?"

"ஈரத் துணியால துடைச்சுக்கறதோட சரி."

"தூக்கம்?"

"பைக்குள்ள புகுந்து, பையைச் சுவத்துல கட்டிக்கணும். இல்லன்னா மிதந்து போய் எதுலயாவது இடிச்சுக்குவாங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை சூரியன் வேற உதிக்கும்."

சரசம்மா குறுக்கிட்டார். "அப்போ ராகு காலம் எப்பிடிப் பாக்குறது?"

அதை எந்த லேபிலும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. எல்லோரும் சிரித்தோம். காரியம் முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் சுதா தட்டோடு வந்தாள். சரசம்மாவின் கைப்பக்குவத்தில் நெய் மணக்கும் மைசூர்பாக். அந்தத் தெருவே கொண்டாடும் சமாச்சாரம். தினகரன் ஒரு துண்டை எடுத்தார். ஆனால் வாயில் போடவில்லை. இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டு, துண்டை விரலால் தட்டினார். பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ம்ஹூம். இது தேறாதுங்க. ரொம்ப உதிருது."

சரசம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "என் மைசூர்பாக்கை இதுவரைக்கும் யாரும் இப்பிடிச் சொன்னதில்ல" என்றவர், விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டார். சண்முகம் ஃபேனைப் பார்த்தார். நான் வாசலில் என் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

பாவம், தினகரன் வேண்டுமென்றா செய்தார்? தினமும் லேபில் இதுதான் வேலை. எடு, தட்டு, உதிர்கிறதா பார். மேலே ஒரு துகள் உதிர்ந்தாலும் தரையில் விழாது, மிதக்கும். கண்ணில் போகும், மூக்கில் போகும், மெஷினுக்குள் போகும். அதனால் பிரெட்டுக்கே அங்கே வரவேற்பு இல்லை. உப்பைக்கூட நீரில் கரைத்துத்தான் கொண்டுபோவார்களாம். செய்கிற வேலை யாரைத்தான் ஆபீஸோடு விடுகிறது? என் மனைவி டீச்சர்... வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட சிவப்புப் பேனாவைத் தேடுவாள்!

சுதா மட்டும் பதறவில்லை. சமையலறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள். "அங்க அழுதா என்ன ஆகும்?"

"கண்ணீர் விழாது. கண்ணுலயே உருண்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும். துணியால ஒத்தி எடுக்கணும்" என்றார் தினகரன், அப்பாவியாக.

"இங்க விழும். எங்கம்மாவுக்கு இப்ப விழுந்துட்டிருக்கும். போய்ப் பாருங்க."

என்ன பெண் பாருங்கள்! தினகரன் தட்டோடு எழுந்துபோய் சமையலறை வாசலில் நின்றார். "ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. லேப்னு நினைச்சுட்டேன். அங்கதான் இது ஃபெயில்..." என்று உள்ளங்கையில் இருந்த தூளை வாயில் போட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு துண்டுகளையும் தின்றார். சரசம்மா திரும்பவே இல்லை.

"யோசிச்சுச் சொல்றோம்" என்று வழியனுப்பினார் சண்முகம். பெண் வீட்டார் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு சண்முகம் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு எங்கள் மாடிக்கே வந்து நின்றார். உள்ளே பொருள்விளங்கா உருண்டை. ஒவ்வொன்றும் வாய்க்கு அடக்கமாக, கோலிக்குண்டு மாதிரி. "இதை டெஸ்ட் பண்ணச் சொன்னா சுதாவோட அம்மா. பாஸாச்சுன்னா நாள் பாக்கலாமாம்."

தினகரன் கையை ஏந்தி, உருண்டையைத் தட்டினார். உதிரவில்லை. மேஜையில் தட்டினார். மேஜைதான் ஆடியது. முழுசாக வாயில் போட்டு, கடித்தார். 'கடக்' என்று ஒரு சத்தம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"பாஸ்!" என்றார். தையில் கல்யாணம்.

உருண்டையிலிருந்து ஒரு துகள்கூட உதிரவில்லை என்பது நிஜம். உதிர்ந்தது மாப்பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு... சரசம்மாவிடம் நாங்கள் யாரும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!