நாலாவது துணி

தெருவில் அவருக்குப் பெயர் ‘பூட்டு’. வீட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறையும் இழுப்பார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். பத்து விரலும் பத்திரமாக இருக்கிறதென்றால் அந்தப் பயத்துக்குத்தான் ஒரு கும்பிடு போட வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் தன் பழைய காரின் எஞ்சினைத் தானே பிரிக்கத் துணிந்தார் என்றால், அதைவிடப் பெரிய பயம் ஒன்று பிடரியில் கை வைத்துத் தள்ளியதால்தான். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். கார் படுத்துக்கொண்டதில் ஒரு தடவை தவறிப்போய், கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. நாளைக் காலையும் தவறினால் உயிருக்கு ஆபத்து என்றார் டாக்டர். நாளைக்கோ பஸ், டாக்சி எல்லாம் வேலைநிறுத்தம். மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

காரின் நோய் என்னவென்பதில் சந்தேகமில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகை. ஆயில் மூடியின் உள்பக்கம் பாலாடை போல வெளுத்த பிசுக்கு. ரேடியேட்டரைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் குமிழிவிட்டது. எஞ்சினின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. கடையில் ஒன்றே ஒன்று இருந்தது, வாங்கி வந்தார்.

வாசலில் நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். நன்றாக இருந்த காலத்தில் துணி தைத்துக் கொடுத்தவள். பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது தூள் உள்ளே விழாமல் நாலு சிலிண்டரையும் அடைக்க, அவள்தான் நாலு லைனிங் துணித் துண்டுகள் கொடுத்தாள்.

“எனக்கு ஆபரேஷன் பண்ணின டாக்டருக்குக்கூட இப்படி வேர்க்கலைங்க.”

“சும்மா இரும்மா. கவனம் தப்பிடும்.”

சாயங்காலம் புது கேஸ்கட்டைப் பொருத்தி, மேல்பாகமான ஹெட்டை அதன்மேல் தூக்கி வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசை தப்பாமல் போல்ட்டுகளை முறுக்கினார். கை துடைக்கக் குனிந்தவருக்குப் பகீரென்றது. சிலிண்டர்களிலிருந்து எடுத்துப் போட்ட வாளியில் மூன்று துணிதான் கிடந்தது.

ஒருமுறை முறுக்கி நசுங்கிய கேஸ்கட் மறுபடி உதவாது. துணியோடு ஸ்டார்ட் செய்தாலோ எஞ்சினே போய்விடும். நல்லவேளை, ஸ்பார்க் பிளக் இன்னும் மாட்டவில்லை. அந்தத் துவாரங்கள் வழியே சிலிண்டர்களுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்றாவதில் வெள்ளையாகத் தெரிந்தது. கம்பியைக் கொக்கிபோல வளைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். துணி வந்தது, கிழிந்து.

அவள் அதை மடியில் விரித்து நீவினாள். ஒரு மூலை இல்லை.

“போச்சு! மறுபடியும் பிரிக்கணும்.”

“எதுக்கு? அந்த மூலையை நான்தாங்க வெட்டினேன். கறை பட்டிருந்தது.”

“நல்லா ஞாபகம் இருக்கா?”

“என் கத்தரி வெட்டினது எனக்குத் தெரியாதா?”

அவர் டார்ச்சோடு இன்னும் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார்.

காலையில் எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. வெறிச்சோடிய சாலையில், ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். பாதி தூரம் தாண்டியதும் அவள் சொன்னாள்.

“அந்த மூலையை நான் வெட்டலைங்க.”

அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். “பொய்யா சொன்னே?”

“இல்லைன்னா பிரிச்சிருப்பீங்க. புது கேஸ்கட்டுக்கு எங்கே போறது?” அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். “நேத்து ராத்திரிலேருந்து மூச்சு முட்டுதுங்க. ரொம்பப் பயமா இருக்கு.”

வீட்டில் பயந்தவர் தான் ஒருவர் மட்டுமே என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அவருக்கு அழுகை வந்தது. எஞ்சினுக்குள் என்ன இருந்தாலும் இருக்கட்டும் என்று ஆக்சிலரேட்டரை மிதித்தார்.