சல்லிக் கரையில் ஒரு தோரணம்

கொழும்பில் இரவு ஏறிய ரயில் விடியும்போது திருகோணமலையில் இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே நிமல் காத்துக்கொண்டு நின்றார். தங்காலைச் சிங்களவர், ஒரு படகுக்குச் சொந்தக்காரர். தெற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குடும்பத்தை விட்டுக் கிழக்குக்கு வந்து, சல்லிக் கரையில் ஓலைக் கொட்டில் போட்டுத் தொழில் செய்கிறவர். அந்தக் கொட்டிலை ‘வாடி’ என்பார்கள். நாலு நாளைக்கு முன், ஊரில் ஒரு பெரியவரின் பிரேதம் எடுத்த அன்று மாலை, இவருடைய வாடியில் பாட்டுப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். வாடியைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டது ஊர்ச் சங்கம். நான் வந்து இறங்கிய அன்று காலை பத்து மணிக்குக் கடைசிப் பேச்சு. சிங்களத்தைத் தமிழிலும் தமிழைச் சிங்களத்திலும் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இது என் தொழில், நன்றாகவே செய்வேன்.

சல்லிக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர்தான். ஓட்டோ எண்ணூறு ரூபாய். உப்புவெளி தாண்டியதும் நிமல் என் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார்: “தங்கச்சி, நான் சொல்வதைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொல்ல முடியுமா? இந்த இடம் போனால் இந்த வருஷம் எனக்குத் தொழிலே இல்லை.”

“இனிப்பு வேண்டுமென்றால் வழியில் கடை இருக்கிறது. நான் உள்ளதைத்தான் சொல்வேன்” என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

பத்து மணி. சங்கக் கட்டடத்தில் எல்லாருக்கும் கதிரை போட்டிருந்தார்கள். தலைவர் பக்கத்தில், தாடி வழிக்காத முகத்தோடு தவராசா இருந்தார். இறந்தவர் அவருடைய தகப்பன். தொடங்குமுன் நான் எழும்பிச் சொன்னேன்: “இங்க ஆர் என்ன கதைச்சாலும் மற்றப் பக்கத்துக்குச் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.” தலைவர், “ஓம், அதுதான் சரி” என்றார்.

முதல் அரை மணி நேரம் மரியாதைக்குக் குறைவில்லை. நிமல் மன்னிப்புக் கேட்டார். தலைவர் விதிகளைச் சொன்னார். விஷயம் மட்டும் ஒரு அடி நகரவில்லை. தவராசா நிலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“என்ர அப்பாவின்ர சாவு இந்த மனுசனுக்குத் திருவிழாவாப் போச்சு.”

தலைவர் பதறிப்போனார். “தங்கச்சி, அதை விடுங்கோ. சொல்லாதேங்கோ.”

“ஏலாது ஐயா. துவக்கத்திலயே சொன்னனான்” என்றேன். அந்தக் கோபம் குறையாமல் சிங்களத்தில் சொன்னேன்.

நிமல் தவராசாவை நிமிர்ந்து பார்த்தார். “திருவிழா என்றுதான் நினைத்தேன். நாங்கள் கடலால் வர மாலையாகிவிட்டது. ஊருக்குள் போகும் ஒழுங்கை முழுக்கக் குருத்தோலைத் தோரணம். அம்மன் கோயிலில் ஏதோ விசேஷம் என்று சந்தோஷப்பட்டுத்தான் பாட்டுப் போடச் சொன்னேன். எங்கள் பக்கம் சாவென்றால் வெள்ளைக் கொடி கட்டுவோம். கொடி ஒன்றும் காணவில்லையே.”

அதைத் தமிழில் சொன்னேன். ‘அண்டைக்குக் கொடி கட்டேல்லைத்தான்’ என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுத்தார். அதையும் சொன்னேன்.

தவராசா எழும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் காய்ந்த தோரணத் துண்டு ஒன்றும் பச்சைக் குருத்து ஒன்றும் இருந்தன. காய்ந்ததை நிமலின் முன்னால் பிடித்தார். மடிப்புகள் கீழே பார்த்துத் தொங்கின. பச்சைக் குருத்தைக் கிழித்து, மடிப்புகள் மேலே பார்க்கும்படி மடித்துப் பக்கத்தில் வைத்தார். பச்சையைத் தொட்டு, “இது கோயிலுக்கு. இது செத்த வீட்டுக்கு.” நான் வாய் திறக்குமுன்பே நிமல் தலையாட்டிவிட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

“எங்களுக்கு ஏழாம் நாள் பிக்குமாருக்குத் தானம்” என்றார் நிமல். “இங்கே எப்படி?”

“எட்டாம் நாள் எட்டுச் செலவு. அவருக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைப்பம்.” தவராசா நிமலைப் பார்த்தார். “அப்பாவுக்குப் பாரை மீனெண்டால் உயிர். எட்டுக்குப் பாரை கொண்டுவரச் சொல்லுங்கோ.”

பாரை வேண்டுமென்றால் படகு கடலுக்குப் போக வேண்டும், அதற்கு வாடி கரையில் இருக்க வேண்டும். தலைவருக்கு அது விளங்கியது. வாடியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு சொல் கதைக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார்.

கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் மாடிக் குடியிருப்பில் எல்லாரும் எல்லாரோடும் இனிமையாகக் கதைப்போம். அடுத்த வீட்டுக்காரர் எதற்கு அழுவார் என்று எனக்குத் தெரியாது. சல்லியில் அந்தக் கடுஞ்சொல்லை நான் விழுங்கியிருந்தால் அங்கேயும் அப்படித்தான் முடிந்திருக்கும்.

ஓட்டோவில் ஏறும்போது நிமல் ஓடி வந்தார். “பாரை என்ன அளவில் வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள், தங்கச்சி.”

“நீங்களே கேளுங்கள்” என்றேன்.

ஓட்டோ திரும்பும்போது பார்த்தேன். வேலியோரம் நின்ற தவராசாவிடம் நிமல் போய், இரண்டு கையையும் விரித்து ஒரு மீனின் நீளம் காட்டினார். தவராசா போதாது என்று தலையசைத்து, நிமலின் கைகள் இரண்டையும் பிடித்து இன்னும் அகலமாக விரித்துவிட்டார்.