நடுவில் சாந்தமேரி

ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அம்புரோஸுக்குக் கதை எழுதும் ஆசை மகன் போன பிறகுதான் வந்தது. கிள்ளான் நகரில் ஒரே கூரையின் கீழ் வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத மகன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு லியோனல் லோரி ஓட்டப் போன அன்று அப்பா வாயை மூடினார், மகனும் மூடிக்கொண்டான். போன வருடம் காப்பார் சாலையில் லோரி கவிழ்ந்து அவன் செத்த நாள்வரை இரண்டு வாயும் திறக்கவில்லை.

கதையிலாவது அவனோடு ஒரு தடவை பேசிவிட வேண்டும். அதற்காகத்தான் ஞாயிறு பூசை முடிந்த கையோடு ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் சிறுகதை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வகுப்பெடுக்கும் அனுப்பிரியா, மதுரைப் பக்கமிருந்து கணினி வேலைக்கு வந்த பெண். அவர் தாளைப் படித்துவிட்டுத் தயங்கினாள்.

“அங்கிள், மகன் சொன்னதா அம்மா சொன்னாங்க, அப்பா சொன்னதா அம்மா சொன்னாங்கன்னே போகுதே. ரெண்டு பேரும் நேரா பேசக் கூடாதா?”

“எங்க வீட்ல அப்படித்தாம்மா.”

பக்கத்து நாற்காலி திருச்செல்வம் விடுவாரா? “என்னா அம்புரோஸு, பொண்டாட்டிதான் வீட்டுக்குப் போஸ்ட்மேனா? போனஸ் குடு லா!”

எல்லோரும் சிரித்தார்கள். அம்புரோஸும் சிரித்துவைத்தார்.

“ஒருத்தர் பேசினா ஒரு வரி. அடுத்தவர் பேசினா கீழ வேற வரி,” என்றாள் அனுப்பிரியா. “மேற்கோள் குறிக்குள்ள போட்டா, அது அவங்க வாயிலேருந்தே வந்ததா இருக்கணும். நடுவில ஆள் வேணாம், அங்கிள்.”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். லியோனல் சொல்லியனுப்பியவை எல்லாம் அவர் நெஞ்சில் பொத்தி வைத்திருந்தவை. ‘அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?’ ‘மழை வருது, மோட்டார்ல போக வேணாம்னு சொல்லு.’ ஒவ்வொன்றையும் தனி வரியாக, மேற்கோள் குறி போட்டு எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

மனைவி சாந்தமேரி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் படிக்கப் படிக்க அவள் கை ஓய்ந்தது.

“நல்லாருக்குங்க.”

“நல்லாருக்கான்னு கேக்கல மேரி. இப்படித்தானே சொன்னான்? வார்த்தை பிசகக் கூடாதாம்.”

அவள் நெத்திலியையே பார்த்தாள். “அவன் அப்படிச் சொல்லலைங்க.”

“பின்ன?”

“‘அந்த ஆளு வீட்ல இருக்காரா’ன்னு கேப்பான். நான்தான் உங்ககிட்ட வரும்போது மாத்திடுவேன். நீங்க மட்டும் என்னவாம்? ‘தின்னுட்டுத் தொலையட்டும்’பீங்க. ‘அப்பா உனக்கு மீன் எடுத்து வைக்கச் சொன்னாரு’ன்னு போய் நிப்பேன். நீங்க ரெண்டு பேரும் பேசினதை அப்படியே கொண்டு போயிருந்தா வீடு என்னாத்துக்கு ஆகும்?”

அம்புரோஸ் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“ஒன்னுகூட அவனோடது இல்லையா?”

“ஒன்னு இருக்கு. கடைசி கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கேட்டான். ‘உங்கிட்ட என்னைப் பத்தி இவ்ளோ பாசமா பேசறாரே, என் மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடுவாரு?’ இதுல நான் எதையும் சேக்கல.”

அவர் மேசைக்குத் திரும்பினார். எழுதியிருந்ததையெல்லாம் குறுக்கே கோடிழுத்து அடித்தார். மகன் கேட்டதை மட்டும் மேற்கோள் குறிக்குள் எழுதினார். கீழே அப்பா பேச வேண்டிய வரி. பேனா தாளைத் தொட்டபடியே நின்றது. மை ஊறிப் பரவியது.

“மேரி,” என்று குரல் கொடுத்தார். “அதுக்கு நான் என்ன சொன்னதாச் சொன்னே?”

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

“ஒன்னும் சொல்லலைங்க. அதுக்கு மட்டும் எனக்கு வார்த்தை வரல.”