ஒழிக்காமல் விட்ட அறை

2008-இல் கடலூரில் எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நாங்கள் படுத்தோம். மற்றொன்றில், என்றாவது உதவும் என்று நான் சேர்த்துவைத்த பழைய டிவி, அட்டைப் பெட்டிகள், பாத்திரங்கள்.

ஒருநாள் குமராட்சியிலிருந்து அக்கா வந்தாள். மிகவும் மெலிந்திருந்தாள். கேட்டதற்கு, “வேலை ஜாஸ்திடி” என்றாள். “ஒரு வாரம் உன்கூட இருக்கேன். அந்த ரூம்ல படுத்துக்கிறேன்.”

கதவைத் திறந்து காட்டினேன். “கால் வைக்க எடமில்லக்கா. பொங்கலுக்குள்ள ஒழிச்சு வைக்கிறேன், அப்ப வந்து இரு.”

என் கன்னத்தைத் தடவினாள். “சரிடி, ஒழிச்சிட்டுச் சொல்லு.”

சாயங்காலமே சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

பொங்கலுக்கு முன்பே அக்கா இறந்துவிட்டாள். காரியத்தன்று அக்காவின் கணவர் என்னிடம் கேட்டார்: “நாள் கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் உன்கூட இருக்கணும்னு வந்தா. ஏம்மா அன்னிக்கே திரும்பிட்டா?”



வீடு திரும்பியதும் அந்த அறையை ஒழித்தேன். எல்லாவற்றையும் பழைய சாமான் வண்டியில் ஏற்ற ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை.

இப்போது அங்கே ஒரு கட்டில் மட்டும் இருக்கிறது. வருகிறவர்களிடம் எத்தனை நாள் என்று நான் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் படுத்து என்னால் ஒருநாளும் தூங்க முடிந்ததில்லை.